சாவைத் தள்ளிப்போடும் மருந்து யாருக்கு?



1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அரசு அதிகாரி, ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். அவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியாது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து சாவை எதிர்நோக்கியிருந்தவர்களில் யாரைப் பிழைக்க வைப்பது, யாரைக் கைவிடுவது என்று முடிவு செய்வதுதான் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இப்படியொரு கேள்விக்கே இடமில்லை. சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதானவர் இறந்துபோனார். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரம் அப்போதே இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயைப் புதிதாகக் கீற வேண்டும், சில தடவைகளிலேயே கீறுவதற்குக் குழாய் மிஞ்சாது. வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960 மார்ச்சில் ஒரு நோயாளியின் முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார். அதைக் கழற்றவே வேண்டாம். தேவைப்படும்போது இயந்திரத்தோடு இணைத்துக்கொள்ளலாம். அந்த நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி. சாவின் விளிம்பில் கிடந்தவர் 1971 வரை, பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

வழி பிறந்துவிட்டது. இயந்திரங்களோ சில, காத்திருந்தவர்களோ பலர். மருத்துவர்கள் முதலில் உடல்நிலையைப் பார்த்து வடிகட்டினார்கள். குழந்தைகளும் 45 வயதைக் கடந்தவர்களும் அந்தச் சல்லடையிலேயே விழுந்தார்கள். எஞ்சியவர்களின் விவரம் ஏழு பேரிடம் வந்தது. கல்யாணமானவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வருமானம், எவ்வளவு சொத்து, என்ன படிப்பு, தேவாலயப் பணிகளில் ஈடுபாடு உண்டா என்றெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். 1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது நாடே அதிர்ந்தது. அந்தக் குழுவுக்குக் 'கடவுள் குழு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊரோடு ஒட்டாமல் தனித்து வாழும் ஒரு சிந்தனையாளருக்குச் சிறுநீரகம் பழுதானால் சியாட்டிலில் பிழைக்க வழியில்லை என்று பின்னாளில் அதைத் திறனாய்ந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அந்த ஏழு பேரைக் குறை சொல்வதற்காக இது இங்கே சொல்லப்படவில்லை. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தாங்க முடியாத சுமையை ஊர் அவர்கள் தலையில் வைத்தது. கவனிக்க வேண்டியது வேறு. மருத்துவம் சாவைத் தள்ளிப்போடக் கற்றுக்கொண்ட அந்தக் கணத்திலேயே, விதி என்று இதுவரை சொல்லிவந்த ஒன்று மனிதர்களின் தீர்ப்பாக மாறிவிட்டது. 1972இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும்படி சட்டம் செய்தது. இன்று அந்த நாட்டில் சுமார் 5 லட்சம் பேர் டயாலிசிஸ் துணையோடு உயிர் வாழ்கிறார்கள்.

மருத்துவத்தால் சாகாநிலை வந்தால் மதமும் சமூகமும் என்ன ஆகும் என்ற இன்றைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. அது இனிமேல்தான் வரப்போகிற சங்கதி என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் ஒத்திகை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

அறிவியல் இன்று எங்கே நிற்கிறது? மனித உயிரணுக்கள் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961இல் காட்டினார். குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்கிறது என்பதும், அதை மீண்டும் வளர்க்கும் நொதி ஒன்று உண்டு என்பதும் பின்னர் தெரியவந்தன. அந்த ஆய்வுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு மரபணுவை மாற்றி ஒருவகை நுண்புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்க முடியும் என்று 1993இல் சிந்தியா கென்யன் நிறுவினார். முதிர்ந்த உயிரணுவைக் கருநிலைக்குத் திருப்ப முடியும் என்று 2006இல் ஷின்யா யமனாகா செய்து காட்டினார். கூகுள் 2013இல் காலிகோ என்ற நிறுவனத்தை மூப்பு ஆய்வுக்கென்றே தொடங்கியது. ஆனாலும் மனிதர்களில் உறுதிசெய்யப்பட்ட அதிகபட்ச வயது இன்றும் பிரான்ஸின் ழான் கல்மான் அம்மையாருடையதுதான்: 122 ஆண்டு, 164 நாள். அவர் 1997இல் இறந்தார். அதன்பின் ஒருவரும் அந்த எல்லையைத் தொடவில்லை. ஆகவே இங்கே பேசப்படுவது விபத்துக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய தேவவாழ்வு அல்ல. மூப்பும் நோயும் பெருமளவு தள்ளிப்போன நீண்ட மனித வாழ்வு.

ஆய்வகத்தில் சாகாநிலையை உண்மையிலேயே அடைந்த மனித உயிரணுக்கள் உண்டு. ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை அவை. அந்த ஆண்டே அவர் 31 வயதில் இறந்தார். அவருடைய உயிரணுக்கள் இன்றுவரை உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசி தொடங்கி எத்தனையோ ஆய்வுகள் அவற்றால் நடந்தன. அவற்றை விற்றுப் பொருளீட்டிய நிறுவனம் ஒன்றோடு அவருடைய குடும்பத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது 2023இல்தான். சாகாதவை அவருடைய உயிரணுக்கள். பயனடைந்தவர்கள் வேறு யாரோ.

இனி மதத்துக்கு வருவோம். சாவுபயத்தில் பிறந்ததுதான் மதம், சாவு போனால் மதமும் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்கக் கச்சிதமாக இருக்கும் இந்த வாதம் நடப்போடு பொருந்தவில்லை. இந்தியா விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதைச் சுற்றி இருந்தது. இன்று 70ஐச் சுற்றி இருக்கிறது. ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் கோயில்களில் கூட்டம் குறையவில்லை. மயிலாடுதுறை மாவட்டத்தின் திருக்கடையூரைப் பாருங்கள். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம் அது. மூலவரின் பெயரே அமிர்தகடேஸ்வரர். அறுபது வயதைத் தொடுவது அரிதாக இருந்த காலத்தில் அறுபதாம் கல்யாணம் என்பது பிழைத்துவந்ததற்குச் செலுத்தும் நன்றி. இன்று அறுபது வயதில் பலர் வேலையைக்கூட விடவில்லை. ஆனாலும் அங்கே மணமேடைகள் காலியாக இல்லை. எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று சடங்குகள் ஆயுளோடு சேர்ந்தே நீள்கின்றன. நூற்றைம்பதுக்கும் ஒரு சாந்தி வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மதங்கள் திணறுவது சடங்கில் அல்ல, கோட்பாட்டில்.

இந்திய மரபுகளில் சாகாமை என்பது முக்தி அல்ல. அமிர்தம் உண்ட தேவர்களும் பிறவிச் சுழலுக்குள்தான் இருக்கிறார்கள். அசுவத்தாமனுக்குக் கிடைத்த சாகாவாழ்வு வரமல்ல, சாபம். பௌத்தம் இன்னும் கறாராகச் சொல்கிறது: அறத்தைப் பயில வாய்ப்பில்லாத எட்டுப் பிறவி நிலைகளில் நெடுநாள் வாழும் தேவனாகப் பிறப்பதும் ஒன்று. துன்பம் உறைக்காத இடத்தில் விடுதலையின் வேட்கை பிறக்காது என்பது அதன் கணிப்பு. சமணத்தில் உணவைத் துறந்து உயிரை விடுவதே உயர்ந்த நோன்பு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைப் பதிவு செய்கிறது. அந்த நோன்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சந்தாரா நோன்பு தற்கொலைக்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் தெருவில் இறங்கினார்கள். அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. மூப்பை நிறுத்தும் மருந்து வந்தால் இந்தக் கேள்வி சமணர்களோடு நிற்காது. மருந்தை நிறுத்திக்கொள்வது தற்கொலையா, துறவா? ஒவ்வொரு மதமும் பதில் சொல்லியாக வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு முன்பே பதில் தேடத் தொடங்கிவிட்டது. செயற்கைச் சுவாசக் கருவிகள் பரவிய காலத்தில், மயக்க மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்கு 1957 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் விடையளித்தார்: உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாள்வது கடமை, அளவுக்கு மீறிய வழிகளைக் கையாண்டே தீர வேண்டும் என்பதில்லை, சாவு எப்போது நேர்ந்தது என்று சொல்வது மருத்துவரின் வேலை. இன்று அசாதாரணமாக இருக்கும் மருந்து நாளை சாதாரணமாகிவிடும் என்பதே இந்த விடையில் இருக்கும் சிக்கல். திருச்சபையின் நிர்வாகமும் ஆயுளுக்கு ஏற்ப மாறவேண்டி வந்தது. எண்பது வயதைத் தாண்டிய கர்தினால்கள் போப்பைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க முடியாது என்று 1970இல் ஆறாம் பவுல் விதி செய்தார். பதினாறாம் பெனடிக்ட் 2010 ஈஸ்டர் இரவு மறையுரையில் இதே பொருளை நேராக எடுத்துப் பேசினார்: மனிதர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தால் மானுடம் முதுமையில் ஆழ்ந்துவிடும், இளமைக்கு இடமிருக்காது, முடிவில்லாத இவ்வாழ்வு சொர்க்கமாக இராது, தண்டனையாகத்தான் இருக்கும் என்று எச்சரித்தார். மூன்று ஆண்டுகளுக்குள், 2013 பிப்ரவரியில், மூப்பைக் காரணம் காட்டி அவரே பதவி விலகினார். ஆறு நூற்றாண்டுகளில் எந்தப் போப்பும் அப்படி விலகியதில்லை.

திபெத்திய பௌத்தத்தின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே தலைமை கைமாறுவதே சாவின் வழியாகத்தான். ஒரு தலாய் லாமா இறந்தால்தான் அவருடைய மறுபிறவியைத் தேடி அடுத்தவரைக் கண்டெடுக்க முடியும். 2025 ஜூலையில் 90 வயதைத் தொட்ட பதினான்காம் தலாய் லாமா, தமக்குப் பின்னும் அந்த மரபு தொடரும் என்று அறிவித்தார்; 130 வயதுவரை வாழ விரும்புவதாகவும் சொன்னார். சீன அரசு அடுத்தவரைத் தானே நியமிக்கக் காத்திருக்கும் நிலையில், ஒரு துறவியின் நீண்ட ஆயுள் ஒரு மக்களினத்துக்கு அரணாக நிற்கிறது. நீடித்த ஆயுளைச் சுயநலம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தமிழ் மண்ணில் ஒருவர் சாகாநிலையை வெளிப்படையாகவே தம் சமயத்தின் குறிக்கோளாக வைத்தார். காயகல்பம் தேடிய சித்தர்களின் வரிசையில் வந்த வடலூர் இராமலிங்க அடிகளாகிய வள்ளலார், மரணமிலாப் பெருவாழ்வு இந்த உடம்போடேயே கைகூடும் என்றார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டவர் பிறகு வெளியே வரவில்லை. அவர் இறந்தாரா, ஒளியானாரா என்பது அவரவர் நம்பிக்கை. இந்தப் பேச்சுக்கு வேண்டியது அதுவல்ல. சாகாக் கல்வி பேசிய அதே மனிதர்தான் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பு மூட்டினார். பசி தீர்ப்பதே முதல் கடமை, உயிர்களிடத்து இரக்கம் இல்லாமல் அந்தப் பெருவாழ்வுக்கு வழியே இல்லை என்பது அவர் கொள்கை. அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. உலகில் சாகாநிலை தேடியவர்கள் பலர். சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங் தமக்காகத் தேடினார். கலிபோர்னியாவில் 1967இல் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு தம் உடலை உறையவைக்கச் சொன்னார். அதே கலிபோர்னியாவில், சாட்ஸ்வொர்த் கல்லறையில் உறையவைக்கப்பட்டிருந்த ஒன்பது உடல்கள், பராமரிக்கப் பணமில்லாமல் உருகிப்போனது 1979இல் வெளிச்சத்துக்கு வந்தது. பிறர் பசியைத் தீர்க்காமல் சாகாமை இல்லை என்று நிபந்தனை வைத்தவர் வள்ளலார். நாளைய மருந்துக்கு ஓர் அறம் வேண்டுமென்றால் அதைத் தேடிச் சியாட்டில் வரை போக வேண்டியதில்லை, வடலூரில் இருக்கிறது.

சமூகத்தில் என்ன நடக்கும்? ஜப்பானில் அதன் முன்னோட்டம் தெரிகிறது. அங்கே 1963இல் நூறு வயதைக் கடந்தவர்கள் 153 பேர். அரசு ஒவ்வொருவருக்கும் வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தது. 2024இல் அந்த எண்ணிக்கை 95,119. செலவு கட்டுபடியாகாமல் 2016 முதல் கிண்ணத்துக்கு வெள்ளி முலாம் மட்டும் பூசுகிறார்கள். 2010இல் டோக்கியோவில் 111 வயதானவராகக் கொண்டாடப்பட இருந்த முதியவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் இறந்து கிடந்தது தெரியவந்தது. குடும்பம் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து அரசு குடும்பப் பதிவேடுகளைப் புரட்டியபோது, உயிரோடு இருப்பதாகக் கணக்கில் இருந்தும் இருப்பிடம் தெரியாத நூறு வயதுக்காரர்கள் 2,34,354 பேர் என்று தெரிந்தது. தாத்தா எங்கே என்று கேட்கக்கூட ஆளில்லாத தனிமை அந்தப் பதிவேடுகளில் இருந்தது. ஆயுளை நீட்டும் மருத்துவம் உறவையும் சேர்த்து நீட்டிவிடாது.

அடுத்த கேள்வி, இடம் விடுவது. மூன்றாம் சார்லஸ் 73 வயதில் அரசரானார். ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ 2019இல் முடிதுறக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது; அதற்கு முன் இரு நூற்றாண்டுகளாக அங்கே யாரும் உயிரோடு அரியணையை விட்டிறங்கியதில்லை. அறிவுலகத்திலும் இதே கதை. தம் காலம் முடியுமுன் இறந்துபோன 452 முன்னணி உயிரியல் அறிஞர்களின் துறைகளை ஆராய்ந்து 2019இல் ஒரு பொருளியல் ஆய்வு வெளியானது. அந்த அறிஞர்களோடு சேர்ந்து எழுதியவர்களின் ஆக்கம் குறைந்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து புதியவற்றை எழுதினார்கள், அவை பெரிதும் கவனிக்கப்பட்டன. அந்தப் பெரியவர்கள் யாரையும் தடுத்தார்கள் என்பதல்ல. அவர்கள் இருந்ததே ஒரு வேலியாக இருந்தது. இருநூறு வயதுத் துறைத் தலைவர், இருநூறு வயதுக் கட்சித் தலைவர், இருநூறு வயது மடாதிபதி என்று எண்ணிப் பாருங்கள். சொத்தைப் பிரித்துக் கொடுக்காத அப்பாவுக்கு எண்பது வயது மகன் காத்திருக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆயுள் தண்டனை என்றால் இயற்கை ஆயுள் முழுவதும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. அந்த ஆயுள் முந்நூறு ஆண்டானால் அந்தத் தண்டனைக்கு என்ன பெயர்?

இவற்றுக்கெல்லாம் பதவிக்கால வரம்பு, வாரிசுச் சட்டத் திருத்தம் என்று வழி கண்டுபிடிக்கலாம். மிகக் கடினமான கேள்வி வேறு. அதைச் சென்னை முன்பே சந்தித்தது. ஒருவர் உடலிலிருந்து எடுத்து இன்னொருவருக்குச் சிறுநீரகம் பொருத்தலாம் என்ற நிலை வந்ததும், நகரத்தின் குடிசைப் பகுதிகளில் சிறுநீரக வியாபாரம் தொடங்கியது. 1994இல் மத்திய அரசு அதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. 2001இல் ஆய்வாளர்கள் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்துக் கேட்டு, முடிவுகளை மறு ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் கடனிலேயே இருந்தார்கள். பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காடு. ஒருவருடைய ஆயுள் நீட்சிக்கு இன்னொருவருடைய உடல் விலையானது என்பதை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. அதே தமிழ்நாடு பின்னர் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் நாட்டுக்கு முன்னோடியானதும் உண்மை. 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று மாநில அரசு அறிவித்தது. கேடான வியாபாரத்தை ஒரு சமூகம் பொது அறமாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அதற்குச் சட்டமும் காலமும் வேண்டியிருந்தன. இடையில் விற்றவர்களின் இழப்பை யாரும் ஈடுசெய்யவில்லை.

ஆயுள் நீட்சி எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காது என்பதை மக்கள் உணராமல் இல்லை. 2013இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் 120 வயதைத் தாண்டி வாழவைக்கும் சிகிச்சை வந்தால் ஏற்பீர்களா என்று கேட்டது. 56 விழுக்காட்டினர் தமக்கு வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் ஏற்பார்கள் என்று நினைத்தவர்களோ 68 விழுக்காடு. அது பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டும் என்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கருதினார்கள்.

அப்படி ஆகவிடாமல் தடுக்க இந்தியாவின் கையில் ஒரு கருவி இருக்கிறது. 2012 மார்ச்சில், சிறுநீரக, கல்லீரல் புற்றுக்கான சோரஃபெனிப் மருந்தைப் பேயர் நிறுவனம் மாதம் ஏறக்குறைய 2,80,000 ரூபாய்க்கு விற்றுவந்தபோது, காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் கீழ் காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே அதைத் தயாரித்து விற்கும் கட்டாய உரிமம் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதே மருந்து மாதம் 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தியா இதுவரை அந்தப் பிரிவின் கீழ் வழங்கியுள்ள கட்டாய உரிமம் அது ஒன்றுதான். மூப்பை நிறுத்தும் மருந்து ஒரு நாள் வரும்போது அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்க வேண்டும். வணிக ஒப்பந்தங்களின் பேரத்தில் அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி நெருக்குதல் வரும்போதெல்லாம் எதிர்த்து நிற்க வேண்டும். மடாதிபதிகளும் ஆயர்களும் இமாம்களும் தங்கள் மேடைகளில் இதைப் பேச வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் 84ஆம் பிரிவைப் பற்றி அவர் கட்சியின் நிலை என்ன என்று கேளுங்கள்.